முட்டை போதும், குஞ்சு வேண்டாம்

செல்லப் பறவைகள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாத்து முட்டையைப் பற்றியவை. பத்தொன்பது வருடமாக வாத்து வளர்க்கிறேன். இந்தக் கேள்விகளில் பலவும் ஒரு காலத்தில் எனக்கே வந்தவைதான். எல்லாவற்றையும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கள் வீட்டில் இரண்டு பெட்டை வாத்து, ஒரு ஆண் வாத்து இருக்கின்றன. பிள்ளைகள் ஆசைப்பட்டதால் வளர்க்கிறோம். இப்போது பெட்டைகள் முட்டையிட ஆரம்பித்துவிட்டன. இருக்கிற மூன்றுக்கே இடம் சரியாகப் போகிறது, குஞ்சுகள் வேண்டாம். ஆனால் முட்டையை எடுக்கப் போனால் சின்ன மகள் "உள்ளே பாப்பா இருக்கும்மா" என்று அழுகிறாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. எடுக்கலாமா? எடுத்தால் வாத்து வருத்தப்படுமா?

பதில்: தாராளமாக எடுக்கலாம்மா. தினமும் எடுங்கள், அன்றன்றைய முட்டையை அன்றன்றைக்கே எடுங்கள். நான் சொல்லப்போவதில் இந்த 'அன்றன்றைக்கே'தான் முக்கியம்.

மகளுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். இன்று காலை இட்ட முட்டைக்குள் பாப்பா இல்லை. ஆண் வாத்து கூடவே இருப்பதால் அது கருக்கூடிய முட்டையாக இருக்கலாம். அப்போதும் மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளிதான் இருக்கும். முட்டை வெளியே வந்து ஆறியதும் அந்தப் புள்ளி வளராமல் நின்றுவிடும். அதில் இதயம் கிடையாது, ரத்தம் கிடையாது, வலி தெரிவதற்கு நரம்பும் கிடையாது. மறுபடி வளர வேண்டுமென்றால் தாயின் வயிற்றுச் சூடு, ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ், நாள் கணக்கில் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் கிடைத்தால் மூன்றாம் நாள் வாக்கில் இதயம் துடிக்க ஆரம்பிக்கும், 28 நாளில் குஞ்சு பொரியும். முகத்தில் சிவப்புச் சதை இருக்கும் மஸ்கோவி வகைக்கு மட்டும் 35 நாள். சூடு கிடைக்கவில்லையென்றால் எத்தனை நாள் ஆனாலும் அது முட்டைதான்.

ஒரு முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றியே காட்டலாம். கருக்கூடாத முட்டையில் அந்தப் புள்ளி சின்னதாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். கருக்கூடியதில் கொஞ்சம் பெரிதாக, வட்டத்துக்குள் வட்டம் வரைந்தது போலத் தெரியும். என் மகளுக்கு ஆறு வயதில் இப்படித்தான் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்து வெகு நேரம் பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து முட்டை எடுக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

அடுத்து, வாத்து வருத்தப்படுமா என்பது. வாத்து முதல் முட்டையை இட்டதுமே அடைக்கு உட்கார்ந்துவிடாது. நாளுக்கு ஒன்றாகப் பத்து, பன்னிரண்டு சேரும்வரை இட்டுவிட்டு, மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் போய்க்கொண்டிருக்கும். எல்லாக் குஞ்சும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரிய வேண்டுமே, அதற்காக. இந்த நாட்களில் முட்டையை எடுத்தால் அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அடைக்கு உட்கார்ந்த பிறகு எடுத்தால்தான் தவிக்கும். கூட்டைச் சுற்றிச் சுற்றி வரும், கத்தும், வைக்கோலைக் கிளறித் தேடும். பார்க்கவே சங்கடமாக இருக்கும். தினமும் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தவிப்பு வரை நாம் விடவே வேண்டாம்.

எப்படி எடுப்பது என்று சொல்கிறேன். பெட்டைகள் பெரும்பாலும் விடியலை ஒட்டி, காலை எட்டு, ஒன்பது மணிக்குள் இட்டுவிடும். அதனால் அடைப்பை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். ஒன்பது மணிவரை உள்ளே இருந்தால் முட்டையும் உள்ளேயே விழும். சீக்கிரம் திறந்துவிட்டால் புதரடியில், வேலி ஓரத்தில், சில சமயம் தண்ணீருக்குள்ளேகூட இட்டுவிடும். நான் திறந்துவிட்டு, தீவனம் வைத்து, அவை தண்ணீரில் இறங்கித் தலையை முக்கி முக்கிக் குளிக்கிற நேரமாகப் பார்த்துத்தான் கூட்டுக்குப் போவேன். அவற்றின் கண்ணெதிரே எடுப்பதில்லை.

மேலாகப் பார்த்துவிட்டு 'இன்றைக்கு இல்லை போல' என்று திரும்பிவிடக் கூடாது. வாத்து முட்டையை மறைத்து வைக்கும். வைக்கோலை அலகால் இழுத்து இழுத்து மேலே போட்டு மூடிவிட்டுத்தான் எழுந்து வரும். கையை உள்ளே விட்டு, விரல்களை விரித்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை மெதுவாகத் தடவ வேண்டும். வைக்கோல் ஈரம் கோத்துச் சில்லென்று இருக்கும். தடவிக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் வெதுவெதுப்பாகக் கையில் தட்டும். அதுதான் அன்றைய முட்டை. அதற்குக் கீழே இன்னொன்று குளிர்ந்து கிடந்தால், அது நேற்று நாம் தவறவிட்டது. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகும் அந்த வெதுவெதுப்பு கையில் படும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அப்புறம், கூட்டை வெறுமையாக விடாதீர்கள். முட்டை தொடர்ந்து காணாமல் போகிறது என்று தெரிந்தால் வாத்து அந்த இடத்தையே விட்டுவிட்டு வேறு மறைவிடம் தேடிக்கொள்ளும். மரத்திலோ பீங்கானிலோ செய்த போலி முட்டை இரண்டை உள்ளே போட்டு வையுங்கள். அளவும் வழுவழுப்பும் ஏறக்குறைய சரியாக இருந்தால் போதும். ஆனால் இரண்டுக்கு மேல் வேண்டாம். கூடு நிறைந்துவிட்டது என்று நினைத்து அடைக்கு உட்கார்ந்துவிடும்.

இது தெரியாத காலத்தில் எனக்கு ஒன்று நடந்தது. வாத்து வளர்க்க ஆரம்பித்த மூன்றாம் வருடம். ஒரு முட்டை விடாமல் துடைத்து எடுத்துவிடுவேன். திடீரென்று சாம்பல் நிறப் பெட்டை ஒன்று முட்டையிடுவதை நிறுத்தியது. ஓய்வுக்காலம் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் ஆளையே காணவில்லை. நாய் பிடித்துவிட்டது என்று அழுதுவிட்டு விட்டுவிட்டேன். ஒரு நாள் மாலை, கொல்லைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய கதவுக்குப் பின்னால் 'உஸ்ஸ்' என்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், மார்பு ரோமத்தைப் பிய்த்து மெத்தை போட்டு அதன்மேல் அமர்ந்திருந்தது. அடியில் பதினொரு முட்டை. ஒன்றை எடுத்து வந்து இருட்டில் டார்ச் மேல் வைத்துப் பார்த்தேன். சிவப்பு இழைகள் சிலந்திவலை போல ஓடியிருந்தன. நடுவில் கறுப்பாக ஒன்று அசைந்தது. முட்டையைக் கொண்டுபோய்த் திரும்ப அதன் அடியிலேயே வைத்துவிட்டு வந்தேன். அதற்குமேல் எனக்குக் கை வரவில்லை.

ஒன்பது குஞ்சு பொரிந்தது. அழகுக்குக் குறைவே இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதில் ஐந்து ஆண். சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு ஆண் வாத்துக்கு நாலைந்து பெட்டையாவது இருக்க வேண்டும். ஆண்கள் அதிகமானால் எல்லாம் சேர்ந்து பெட்டையைத் துரத்தும். கழுத்து ரோமத்தைக் கவ்விக் கவ்வி முதுகும் கழுத்தும் புண்ணாகிவிடும். தண்ணீரில் அமுக்கியே பெட்டை செத்துப்போவதும் உண்டு. அந்த ஐந்தையும் தனியாக அடைத்து, ஒவ்வொன்றுக்கும் நல்ல இடம் தேடிக் கொடுக்கப் பதினொரு மாதம் ஆனது. பெட்டை வாத்து கேட்டு வருபவர்கள் உண்டு, ஆண் வாத்து கேட்டு யாரும் வருவதில்லை. குளத்தில் விட்டுவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள். வீட்டு வாத்துகளில் பெரும்பாலானவற்றுக்குச் சரியாகப் பறக்க வராது. இரை தேடவும் பழகியிருக்காது. ஒரு வாரத்துக்குள் ஏதாவது விலங்குக்கு இரையாகும்.

அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு தூரம் சொல்கிறேன். நீங்கள் காலையில் எடுக்கிற முட்டையில் யாருக்கும் வலி இல்லை. இருபதாம் நாள் எடுக்க நேர்ந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

தவறிப்போய் அடையில் இருக்கும் முட்டைகளைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். முதலில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே தெளிவாக, வெறும் மஞ்சள் நிழல் மட்டும் தெரிந்தால் ஒன்று கருக்கூடவில்லை, இல்லையென்றால் இன்னும் வளரவில்லை. தயங்காமல் எடுத்துவிடலாம். நூல் போல இழைகள் மட்டும் தெரிகிற முதல் சில நாள் முட்டைகளைக் குளிர்ப்பெட்டியில் ஒரு முழு நாள் வைத்து, பிறகு ஆழமாகப் புதைத்துவிடுங்கள். அடைக்காலத்தில் பாதி தாண்டிவிட்டது, உள்ளே அசைவு தெரிகிறது என்றால் நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், அல்லது பொரிக்க விட்டு, குஞ்சுகளுக்கு இப்போதே இடம் தேடத் தொடங்குங்கள். முட்டையைக் குலுக்கித் திரும்ப வைத்தால் போதும் என்று சொல்வார்கள், அதைச் செய்யவே கூடாது. குலுக்கினால் கரு எப்போதும் உடனே நின்றுவிடும் என்பதில்லை. பாதி பழுதோடு வளரவும் கூடும்.

வெயில் கடுமையான இடங்களில் இன்னொரு எச்சரிக்கை. சுற்றுச்சூடு 27, 28 டிகிரியைத் தாண்டினால் தாய் உட்காராமலேயே கரு கொஞ்சம் கொஞ்சமாக வளரப் பார்க்கும். அது குஞ்சாகாது, பாதியிலேயே கெட்டுப்போகும். அப்படிப்பட்ட நாளில் மத்தியானம் வரை முட்டையைக் கூட்டில் விடாதீர்கள்.

கேள்வி: அக்கா, எங்களிடம் இருப்பது பெட்டை வாத்துகள் மட்டும்தான். ஆனாலும் ஒன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆகிறது. எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, கிட்டே போனால் சீறுகிறது. மெலிந்துவிட்டது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் தம்பி, இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஆண் இல்லாத வீட்டு முட்டை ஒருநாளும் பொரியாது. வாத்துக்கு அது தெரியாது. பொரியும் பொரியும் என்று உட்கார்ந்தே இருக்கும். அடைக்காலத்தில் நாளுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் எழுந்து, அவசரமாக நாலு வாய் தின்றுவிட்டு ஓடிவரும். 28 நாளுக்கு அதன் உடம்பு தாங்கும். அதற்குமேல் இழுத்தால் எலும்பும் தோலுமாகிவிடும். பேனும் பிடிக்கும்.

எடுக்கும்போது கவனம். முப்பது நாள் சூட்டில் கிடந்த கூமுட்டைக்குள் வாயு சேர்ந்திருக்கும், கையிலேயே வெடிக்கலாம். அந்த நாற்றம் நாலு நாளைக்குப் போகாது. கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக, ஆட்டாமல் எடுத்து ஒரு வாளியில் வைத்துக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். பழைய வைக்கோலையும் வாரிப் போட்டுவிடுங்கள்.

பிறகு அடை தெளிய வைக்க வேண்டும். முட்டையை எடுத்ததோடு தெளிந்துவிடும் என்று நினைக்காதீர்கள், வெறும் தரையின் மேலேயே உட்காரும். அடியில் காற்றோட்டம் இருக்கிற, கம்பித் தரை போட்ட கூண்டு ஒன்றில் அதை விடுங்கள். கால் நோகாத அளவுக்குக் கம்பி நெருக்கமாக இருக்கட்டும். வைக்கோல் வேண்டாம், இருட்டு வேண்டாம், வெளிச்சமான நிழலில் வையுங்கள். தண்ணீரும் தீவனமும் எப்போதும் இருக்க வேண்டும். பட்டினி போட்டால் தெளியும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள், அது ஏற்கெனவே பட்டினியில்தான் இருக்கிறது. வயிற்றின் அடியில் குளிர்ச்சி பட்டுக்கொண்டே இருந்தால் மூன்று, நான்கு நாளில் தெளிந்துவிடும். பகலில் ஒரு தடவை குளிக்கத் தண்ணீரில் விட்டால் இன்னும் நல்லது. மற்ற வாத்துகள் கண்ணில் படுகிற இடமாகக் கூண்டை வையுங்கள். தெளிந்த பிறகு சேர்ப்பது சுலபம்.

திறந்துவிட்டதும் பழைய இடத்துக்கே ஓடினால் இன்னும் இரண்டு நாள் கூண்டு. மேய்ச்சலுக்குப் போனால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பழைய கூட்டிடத்தைப் பலகை வைத்து அடைத்துவிடுங்கள்.

எந்த வாத்து அடிக்கடி அடை உட்காரும் என்பதும் வகையைப் பொறுத்தது. காக்கி கேம்ப்பெல் வருடத்துக்கு முந்நூறு முட்டைவரை இடும், ஆனால் அடைக்கு உட்காருவது அபூர்வம். மஸ்கோவி குறைவாகத்தான் இடும், விட்டால் வருடத்தில் இரண்டு மூன்று தடவை அடை உட்காரும். உங்களுடையது எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. மஸ்கோவியாக இருந்தால் அடுத்த தடவை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆண் வாத்தைப் பிரித்துவிட்டால் முட்டையில் கரு இருக்காது அல்லவா? பிரித்த மறுநாளிலிருந்தே கவலையில்லாமல் இருக்கலாமா?

பதில்: மறுநாளே இல்லை. ஆணின் விந்து பெட்டையின் உடலுக்குள் தங்கியிருக்கும், இரண்டு வாரம்வரை கருக்கூடிய முட்டை வரலாம். நான் மூன்று வாரம் கணக்கு வைத்துக்கொள்வேன்.

எது ஆண் என்று தெரியவில்லை என்று அடுத்த கடிதத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் இங்கேயே சேரும். கணீரென்று 'குவாக் குவாக்' என்று ஊரைக் கூட்டுவது பெட்டை. தொண்டை கட்டினது போலக் கரகரவென்று மெதுவாகப் பேசுவது ஆண். வால் மேல் ஒன்றிரண்டு இறகு சுருண்டு நிற்பதும் ஆணுக்குத்தான். மஸ்கோவிக்கு அந்தச் சுருள் இறகு கிடையாது, உருவத்தைப் பார்த்துச் சொல்லலாம், ஆண் பெட்டையைவிட மிகப் பெரிது.

ஆனால் ஒரே ஒரு ஆணைப் பிரித்துத் தன்னந்தனியாக வைக்காதீர்கள். வாத்து கூட்டமாக வாழ்கிற பறவை, தனிமையில் வாடிப்போகும். முட்டையைத் தினமும் எடுக்க உங்களால் முடியும் என்றால் பிரிக்கவே தேவையில்லை. ஆணும் பெட்டையும் சேர்ந்தே இருக்கட்டும்.

கேள்வி: கருக்கூடிய முட்டையைச் சாப்பிடலாமா? நாங்கள் முட்டை சாப்பிடாதவர்கள் என்றால் இத்தனை முட்டையை என்ன செய்வது?

பதில்: அன்றன்றைக்கு எடுத்த முட்டை என்றால் கருக்கூடியதும் கூடாததும் சாப்பிட ஒன்றுதான். ருசியிலும் சத்திலும் வித்தியாசம் கிடையாது. கோழி முட்டையைவிடப் பெரிது, ஏறக்குறைய 70 கிராம் இருக்கும். மஞ்சள் கருவும் கொழுப்பும் அதிகம். ஆனால் வாத்துகள் சேற்றிலும் ஈரத்திலும் புழங்குவதால் ஓட்டில் சால்மோனெல்லா கிருமி ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேக வையுங்கள், பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வேண்டாம். கோழி முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதையும் தொட வேண்டாம்.

அழுக்கு முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவாதீர்கள். உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் நுண்துளைகள் வழியாக அழுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முட்டையைவிடச் சற்றுச் சூடான நீரில் கழுவி, துடைத்து, குளிர்ப்பெட்டியில் வையுங்கள். சேறு படாத முட்டையைக் கழுவவே வேண்டாம், அதன் மேல் இயற்கையாக ஒரு பூச்சு இருக்கிறது. கூட்டு வைக்கோலை அடிக்கடி மாற்றினால் பாதி முட்டை கழுவும் நிலைக்கே வராது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி போடுவது என் பழக்கம்.

நீங்கள் சாப்பிடாவிட்டால் சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுங்கள், வாத்து முட்டை என்று சொல்லிக் கொடுங்கள். மீந்ததை வேகவைத்து, ஓட்டோடு நசுக்கி, உங்கள் வாத்துகளுக்கே கொஞ்சமாகப் போடலாம். முட்டையிட்டு இழந்த சுண்ணாம்புச் சத்து அதில் திரும்பக் கிடைக்கும். பச்சையாக மட்டும் போடாதீர்கள். ருசி கண்டுவிட்டால் கூட்டிலேயே உடைத்துத் தின்னப் பழகிவிடும்.

கேள்வி: முட்டையிடுவதையே குறைக்க வழி இருக்கிறதா? எங்கள் வாத்து ஒரு நாளும் ஓய்வெடுப்பதாகத் தெரியவில்லை.

பதில்: ஓரளவுக்கு இருக்கிறது. பகல் நீளம் 14 மணி நேரத்தைத் தாண்டினால்தான் வாத்துகள் முழு வேகத்தில் இடும். அடைப்பில் இரவு விளக்கு எரிந்தால் முதலில் அதை அணையுங்கள். பொழுது சாய்ந்ததும் இருட்டாகட்டும். முட்டைக் கோழித் தீவனம் போடுகிறீர்கள் என்றால் புரதம் குறைந்த பராமரிப்புத் தீவனத்துக்கு ஒரு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள். ஆனால் இட்டுக்கொண்டிருக்கும்வரை கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை வாத்து தானே எடுத்துக்கொள்ளும். சுண்ணாம்பு குறைந்தால் ஓடு மெல்லிசாகும், முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வாத்து வாலை ஆட்டி ஆட்டி முக்கிக்கொண்டு, தீனி எடுக்காமல், பெங்குவின் போல நிமிர்ந்து நின்றால் அது முட்டை சிக்கிய அறிகுறி. காலைவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இவை எதற்கும் கட்டுப்படாமல் இட்டு இட்டு நோயில் விழுகிற வாத்துக்கு, தோலுக்கடியில் டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் மருந்தைப் பொதித்துச் சில மாதம் நிறுத்தி வைப்பார்கள் பறவை மருத்துவர்கள். அது மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிற வாத்துக்குத் தேவையில்லை. உங்களுடையது ஒழுங்காகத் தின்று, நடந்து, ஓடு கெட்டியான முட்டை இடுகிறது என்றால் இப்போதைக்கு விளக்கை மட்டும் அணைத்துப் பாருங்கள். இறகு உதிர்க்கும் காலம் வந்ததும் அதுவே சில வாரம் நிறுத்திக்கொள்ளும்.